கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு? மோரிப் தடத்தைக் கவனிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராண்மைக் கழகத்தாருக்கும், எங்கள் பக்கத்துப் பஸ் தடங்களையும் நேரங்களையும் முடிவு செய்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பட்டணத்தில் இருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வயது அறுபத்தேழு. முழங்கால் இரண்டும் இன்னும் என் பேச்சைக் கேட்கின்றன.

சில வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, மோரிப் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தோம். ஐவருமே பேரப்பிள்ளை எடுத்தவர்கள். கையில் செருப்பு, காலில் காய்ந்த சேறு. ஆறரைக்கு ஒரு பஸ் உண்டு என்று எங்களில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அதை நம்பி, அதற்கு முன்னால் ஒரு கடையின் பின்பக்கம் சாவகாசமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு பீசாங் கோரெங் வாழைப்பழப் பலகாரமும் ஒரு இளநீரும் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தோம். ஆறரை ஆனது. ஏழானது. பொழுது சாய்ந்து கடலும் சேறும் ஒரே நிறமாகிவிட்டன. கடைக்கார மலாய்ப் பெண்மணி அடுப்பை அணைத்துவிட்டு எங்களிடம் வந்து, கடைசிப் பஸ் ஆறு மணிக்கே போய்விட்டதே என்றார். நாங்கள் எண்ணெய்ப் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது எங்கள் முதுகுக்குப் பின்னால் அது போயிருக்கிறது.

அவருடைய கணவர் எங்களைத் தம் வேனில் ஏற்றிக்கொண்டுவந்து பந்திங்கில் இறக்கினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். வேனில் மீன் பெட்டிகள் இருந்ததால் என் சேலை இரண்டு துவைப்புக்கு அப்புறமும் மணந்தது. அது போகட்டும்.

நாங்கள் நின்ற நிறுத்தத்தில் கடைசிப் பஸ் எப்போது என்று எழுதிய ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. இந்த மடலில் நான் கேட்க வந்தது அந்தத் தாளைத்தான். மீதியெல்லாம் அது ஏன் வேண்டும் என்ற விளக்கம். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள், விளக்காமல் விடமாட்டேன்.

நாங்கள் ஐவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயன் வீடு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, ரப்பர்ப் பால்மரம், ஆயாக் கொட்டகை எல்லாம் பார்த்தவர்கள். பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபின் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்தோம். ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் பிள்ளைகள் ஷா ஆலாமிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். தாமானைச் சுற்றி நடந்தோம், நாய் துரத்தியது. பள்ளித் திடலைச் சுற்றி நடந்தோம், சலித்துவிட்டது. அப்புறம் ஒரு புதன்கிழமை பஸ் நிலையத்தில் மோரிப் பஸ் நின்றதைப் பார்த்து ஏறிவிட்டோம். இரண்டு வருடமாக ஏறிக்கொண்டே இருக்கிறோம்.

பந்திங்கில் இருந்து மோரிப் பதினைந்து கிலோமீட்டர் சுமார்தான். வழியில் கஞ்சோங் டாராட் என்ற கம்பம், அதாவது கிராமம், வரும். 1992-இல் பார்சிலோனாவில் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த ராசிப், ஜலானி சிடேக் சகோதரர்கள் அந்த மண்ணில்தான் பூப்பந்து அடித்து வளர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் பஸ் அதைத் தாண்டும்போது எங்கள் பெரியக்கா இதைப் புதுச்செய்தி போலச் சொல்வார். நாங்களும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வோம்.

இவ்வளவு பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களுடைய கட்டுரைகளை நான்தான் திருத்தினேன். ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்று ஒரு தலைப்பு தமிழ்ப்பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. 2021-இல் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை எடுத்துவிட்டார்கள், இந்தத் தலைப்பை யாராலும் எடுக்க முடியாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள்: நீல நிறக் கடல், கரையை முத்தமிடும் அலைகள், வெள்ளி மணல், சில்லென்ற காற்று. நானும் சிவப்புப் பேனாவால் சரி போட்டு மதிப்பெண் கொடுத்தேன். மோரிப்பில் கடல் நீலம் கிடையாது. பால் குறைவாக ஊற்றிய தே தாரிக் தேநீரின் நிறம். அலை முத்தமிடுவதற்குக் கரைக்கு வந்தால்தானே? வற்றிய நேரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் பெலாச்சாக் மீன் வயிற்றால் துள்ளித் துள்ளிப் போகும். காலடிச் சத்தம் கேட்டால் சின்ன நண்டுகள் ஒரே நொடியில் வளைக்குள் மறையும். தரையே கண்ணை மூடிக்கொண்டது போல இருக்கும். செப்டம்பர் வாக்கில் வடக்கே சைபீரியப் பக்கமிருந்து உள்ளான்களும் மற்றக் கரைப்பறவைகளும் இறங்கும், மார்ச், ஏப்ரலில் திரும்பும். இதையெல்லாம் ஒரு பிள்ளையும் எழுதியதில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பார்கள். ஒருவேளை பார்த்துவிட்டு உண்மையை எழுதியிருந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்களுக்குப் பிடித்த நடை கெலானாங்கில் இறங்கி மோரிப் வரை கரையோரமாக வருவது. இளைஞருக்கு ஒரு மணி நேரம். எங்களுக்கு ஒன்றரை, பேச்சு சுவாரசியமாக இருந்தால் இரண்டு. சில இடங்களில் சேறு காலை விடாது, அங்கே மேலே ஏறிச் சாலையைப் பிடித்துக்கொள்வோம். சவுக்கு மர நிழல், வலை காயப்போட்ட வேலி, தென்னைக்கு நடுவே கம்பத்து வீடுகள். வாசலில் இருப்பவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். நடக்கிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். வண்டி பழுதாகிவிட்டதா என்று இரண்டாவது கேள்வி வரும்.

மோரிப் கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் படை மலாயாவுக்குத் திரும்பி வந்து இறங்கிய இடம். இறங்கியவர்களில் பெரும்பகுதி இந்திய வீரர்கள், 25-ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். ஜப்பான்காரன் ஆகஸ்டு 15-ஆம் தேதியே சரணடைந்துவிட்டதால் சண்டை இல்லை. சண்டை போட்டது சேறுதான். லாரிகளும் மற்ற வண்டிகளும் புதைந்து நகர மறுத்துவிட்டன. அந்தச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, பெரியக்காவின் ஒரு செருப்பை இன்றுவரை மீட்க முடியாமல் நிற்கும் எங்களுக்கு அந்த வீரர்கள் மேல் தனிப் பரிவு உண்டு. என் அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தாத்தா இனித் திரும்பிவிடுவார் என்று அந்த மாதம் தோட்டத்தில் எல்லாரும் அவளிடம் சொன்னார்களாம். அவர் வரவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நான் ஒரு நிமிடம் நிற்பேன். மற்ற நால்வரும் அதற்குள் கச்சான் கடலை வாங்கிவிடுவார்கள்.

ஜுக்ரா இன்னொரு நடை. ஒரு காலத்தில் சிலாங்கூரின் அரச நகரம். சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா கட்டிய இஸ்தானா பண்டார் 1905-இல் முடிந்தது. பக்கத்தில் அவர் பெயரிலேயே மஞ்சள் வண்ணப் பள்ளிவாசல். குன்றில் சுல்தான் அப்துல் சமாட்டின் அடக்கத்தலம், உச்சியில் கலங்கரை விளக்கம். மேலே இருந்து பார்த்தால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போவது தெரியும், சுற்றிலும் செம்பனை. ஏற்றம் செங்குத்து. நாங்கள் ஏழு இடத்தில் நின்று ஏறினோம். பெருஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வெகுதூரம் நடந்தால்தான் அந்த ஏற்றமே தொடங்கும் என்பதால் இதை வருடத்துக்கு இருமுறைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

தஞ்சோங் சிப்பாட் எளிது. மோரிப்பைத் தாண்டி அதே 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே போனால் வரும் சீன மீனவர் ஊர். ஆவியில் வேகவைத்த பாவ், காப்பித்தூள், கடலுக்குள் நீண்ட காதலர் பாலம். அங்கே நடப்பதைவிடத் தின்பது அதிகம் என்பதால் டாக்டரிடம் சொல்வதில்லை.

கேரித் தீவுக்குப் போக ஆசை. ஆசையோடு நிற்கிறது. மா மெரி பூர்வகுடிகள் ‘நீரே பாத்து’ என்னும் மரத்தில் முகமூடி செதுக்கும் கம்பங்கள் அங்கே உண்டு, கடலை வணங்கும் அவர்களுடைய சடங்கும் உண்டு. எங்கள் செட்டில் ஒருவர் அந்தத் தீவின் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். சொந்த ஊருக்குப் போவதற்கு அவர் மகனின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தோட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இதுவும் ஒன்று: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். சம்பளத்தோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். ஒரு சாலையில் யார் எப்படிப் போகலாம் என்பது சின்ன விஷயமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு தாளுக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று உங்களில் யாராவது சிரித்தால், நான் அவர்களுடைய பேத்தி என்று சொல்லிக்கொள்கிறேன்.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். நாங்கள் அன்று பஸ்ஸைத் தவறவிட்டதற்குப் பீசாங் கோரெங் மட்டும் காரணமில்லை. கடலுக்கு ஒரு கடிகாரம், பஸ்ஸுக்கு ஒரு கடிகாரம். நம் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஆனால் அதே நேரத்தில் அல்ல, நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஆறு மணி வாக்கில் நீர் முழுக்க ஏறி நிற்கும். கிள்ளான் துறைமுகத்தில் 5 மீட்டரைத் தாண்டும் பெருக்கெல்லாம் அந்த நாட்களில்தான். நண்பகலில் வற்றிக் கிடக்கும். ஆடி அமாவாசைக்கு மோரிப்பில் திதி கொடுக்க வருபவர்களுக்கு இது தெரியும். காலை எட்டு மணிக்கு வந்தால் கடல் பக்கத்தில் இருக்கும். ஐயரைத் தேடிப் பிடித்துப் பதினொன்றுக்கு முடித்தால், பிண்டம் கரைக்கக் கடலைத் தேடி நடக்க வேண்டும்.

அதனால் அமாவாசைப் புதன்களில் எங்களுக்குச் சிக்கலே இல்லை. காலைப் பஸ்ஸில் போய் நண்பகலில் நடந்து மதியப் பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஒரு வாரம் கழித்துத்தான் வம்பு. அப்போது நண்பகலில் கடல் ஏறி நிற்கும். வற்றுவதற்குக் காத்திருந்து, மூன்றரைக்கு மேல் கெலானாங்கில் கால் வைத்தால், மோரிப் வந்து சேர ஐந்தரை. அந்த நேரத்தில் கடைசிப் பஸ் ஆறா, ஆறரையா என்பதில் எங்கள் இரவுச் சாப்பாடு அடங்கியிருக்கிறது.

கடலின் நேரம் ஒரு வருடத்துக்கு முன்பே அட்டவணையாக வந்துவிடுகிறது. நிலாவையும் சூரியனையும் கணக்கில் எடுத்து, எந்தத் தேதியில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நீர் எவ்வளவு உயரம் என்று. என் பேரன் எனக்கு அச்சடித்துத் தந்திருக்கிறான், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பஸ்ஸின் நேரத்தை மட்டும் கச்சான் விற்பவரிடம் கேட்கிறேன்.

செயலியில் பார்க்கலாமே அம்மா என்பீர்கள். பார்த்தோம். பேரன் போனில் இறக்கியும் கொடுத்தான். கோலாலம்பூரில் எந்தப் பஸ் எந்த விளக்குக் கம்பத்தில் நிற்கிறது என்பதை அது நகரும் புள்ளியாகக் காட்டுகிறது. மோரிப் சாலையில் ஒரு புள்ளியும் நகரவில்லை. ஓட்டுநரிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டோம். நல்ல மனிதர், எங்களுக்காக நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்துவார். ஆனால் மாலையில் வேறு ஆள் ஓட்டுவதால் மாலைக் கணக்கு தமக்குத் தெரியாது என்றார். பந்திங் நிலையத்தில் கேட்டோம். கிளம்பும் நேரம் சொன்னார்கள். திரும்பும் நேரம், போகிற இடத்தில் தெரியும் என்றார்கள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. போகும் பஸ்ஸின் நேரம் யாருக்கும் பெரிதாக வேண்டாம். தவறினால் வீட்டுக்குத் திரும்பி டிவி பார்க்கலாம். கடல் முனையில் நிற்பவருக்குத்தான் நேரம் வேண்டும், ஏனென்றால் அவருக்கு அங்கே வீடு இல்லை. எங்களை விடுங்கள். அந்தக் கரையோரக் கடைகளில் தட்டு கழுவும் பெண்கள், பந்திங்கில் படித்துவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பும் பிள்ளைகள், மோட்டார் வாங்க முடியாத வங்காளதேசத் தொழிலாளிகள் எல்லாருமே ஆளை ஆள் கேட்டுக்கொண்டு குத்துமதிப்பாக நிற்கிறார்கள்.

ஆள் ஏறுவதில்லை, நட்டம், எப்படிப் பஸ்ஸைக் கூட்டுவது என்று ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் பஸ்ஸைக் கூட்டச் சொல்லவில்லை. கூட்டினால் நல்லதுதான், ஆனால் அதற்கு எவ்வளவு காசு பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். நேரம் தெரியாத பஸ்ஸுக்கு ஆள் எப்படி வரும்? என் பக்கத்து வீட்டுக்காரர்களை நான் பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: திரும்பி வருவது எப்படி, டீச்சர்?

அப்புறம் ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மடலைப் படித்துவிட்டு நடைபாதைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிவிட வேண்டாம். வழுக்கும் ஓடு பதித்த பாதை, ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்திய மேடை, திறப்பு விழாவுக்கு வளைவு, ஆறு மாதத்தில் அணைந்துபோகும் வண்ண விளக்கு, இவை எதுவும் வேண்டாம். பாதை ஏற்கெனவே இருக்கிறது. கடல் தண்ணீர் வயலுக்குள் வராமல் போட்ட மண்கரை, மலாயில் பான் என்பார்களே, அதன்மேல் நடந்தால் ஒரு பக்கம் பாக்காவ் என்னும் அலையாத்திக் காடு, ஒரு பக்கம் தென்னை. அதற்கு மேல் யாரால் எதைக் கட்ட முடியும்?

கடல் முனை நிறுத்தங்களில், மோரிப்பிலும் கெலானாங்கிலும் தஞ்சோங் சிப்பாட்டிலும், நிறுத்தத்துக்கு ஒரு ஏ4 தாள். மழை நனைக்காத நெகிழி உறைக்குள். திரும்பும் பஸ் நேரங்கள், அதில் கடைசிப் பஸ் மட்டும் பெரிய எழுத்தில். மலாயில் இருந்தால் போதும், நாங்கள் படித்துக்கொள்வோம். தமிழிலும் சீனத்திலும் ஒரு வரி சேர்த்தால் பிழை திருத்தித் தர நான் சம்பளம் வாங்காமல் வருகிறேன். தயவுசெய்து என்னிடம் காட்டுங்கள், ஏனென்றால் அறிவிப்புப் பலகைத் தமிழை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேரம் மாறினால் தாளையும் மாற்ற வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது எனக்குத் தெரியும். முடியாவிட்டால் எங்களிடம் கொடுங்கள். புதன்கிழமைதோறும் அங்கேதான் இருக்கிறோம், நாங்களே ஒட்டிவிட்டு வருகிறோம்.

முடிந்தால் ஜுக்ரா பிரியும் இடத்தில் நிழலுக்கு ஒரு கூரை. அது இரண்டாவது.

உங்களில் யாருக்காவது நேரம் கிடைத்தால் எங்களோடு வாருங்கள். அலுவலகக் கார் வேண்டாம், பஸ்ஸில். அமாவாசையை ஒட்டிய புதன்கிழமையாகப் பார்த்து வந்தால் நல்லது. காலை எட்டு மணிக்குப் பந்திங் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் பசியாறிக்கொண்டிருப்போம். சப்பாத்து போடாதீர்கள், வார் வைத்த செருப்பு போடுங்கள். மாற்றிக்கொள்ள ஒரு காற்சட்டை, தொப்பி, தண்ணீர். பெரியக்கா கஞ்சோங் டாராட் கதையைச் சொல்லும்போது தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பந்திங் தாமான் ஒன்றில் இருந்து,
புதன்கிழமை நடைக்காரர்கள் ஐவர் சார்பில்,
ஓய்வு பெற்ற ஆசிரியை